கருங்கண்மாய் மறுகால்

மேல ஏத்தியிருக்கிற சைக்கிள் உங்களுதா சார்? நெனச்சேன். பஸ்ஸுக்குள்ள ஹெல்மெட்டை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது நீங்க ஒரு ஆளுதான். கயிறு போட்டுக் கட்டுனானா? செயின் இருக்கிற பக்கம் மேல வர்ற மாதிரி படுக்க வச்சானா, பார்த்தீங்களா? பார்க்கலையா. சரி, இறங்கும்போது பாருங்க. கியர் மாத்துற கம்பி வளைஞ்சிருந்தா இந்தப் பக்கம் நிமித்துறதுக்கு ஆள் கிடையாது. நான் நிமித்துவேன். நீங்க நம்பிக் குடுக்கணும்.

எதுவரைக்கும் போறீங்க? மாலப்பட்டியா? எங்க ஊருதான் சார். அங்க இறங்கி, ஏழு கண்மாய்க் கரையோட திரும்ப டவுனுக்கே ஓட்டிக்கிட்டு வரணுமா. யார் சொன்னா? போன்ல போட்டிருக்கா? என்ன போட்டிருக்கு, படிங்க கேப்போம். "வாகனமே வராத பாதை." ம். "ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் நீர், நடுவே நீங்களும் உங்கள் சைக்கிளும்." ம், ம். நல்லாத்தான் எழுதியிருக்கான். எந்த வருசம் போட்டது சார் அது?

கோவிச்சுக்காதீங்க சார். கொஞ்சம் ஜன்னல் வழியா பாருங்க. இந்தக் கைப் பக்கம் மலை தெரியுதா? அந்தக் கைப் பக்கம் கண்மாய். நீங்க தேடி வந்த பாதை இதான். இப்ப மினிபஸ்ல உட்கார்ந்துக்கிட்டு போறீங்களே, இதேதான். எங்க ஊர்லயிருந்து எண்ணுனா இது ஏழாவது கண்மாய். எதிர்ல புழுதி கிளப்பிக்கிட்டு வருது பாருங்க, அது டிப்பர் லாரி. பின்னாடி இன்னொண்ணு வரும். ரெண்டு ரெண்டாத்தான் வருவாய்ங்க. ஜன்னலைச் சாத்துங்க.

பாவம், ராத்திரியெல்லாம் ரயில்ல உட்கார்ந்து வந்திருக்கீங்க. உங்க மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. நானும் அப்படித்தான் சார் ஒருநாள் நின்னேன். உங்களுக்கு ஒரு நாள் போச்சு. எனக்குப் பதினோரு வருசம் போச்சு.

என் பேரு தவசிலிங்கம். கரண்டு ஆபீஸ்ல வயர்மேனா இருந்து ரிட்டயர் ஆனேன். ஆன வருசமே சக்கரை வந்துருச்சு. டாக்டர் நடங்கன்னாரு. முப்பத்தஞ்சு வருசம் கம்பம் கம்பமா நடந்தவன் சார், இதுக்கு மேல என்னத்த நடக்க? அப்பத்தான் இவன் வந்தான். சேசுராஜ். மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டர். எங்க ஊருதான், சர்ச்சுத் தெரு. "யோவ் வயர்மேன், நடக்க வேணாம்யா, சைக்கிளை எடு"ன்னான். அவன் என்னைய வயர்மேன்னுதான் கூப்பிடுவான். நான் அவனைக் கம்பவுண்டர்னு கூப்பிடுவேன். ரெண்டு பேரும் பென்சன் வாங்க ஆரம்பிச்ச பிறகும் அந்தப் பேரு போகல.

ஞாயித்துக்கிழமை, வியாழக்கிழமை. காலையில அஞ்சரைக்கு என் வீட்டு வாசல்ல வந்து ரெண்டு தடவை பெல் அடிப்பான். கிணிங், கிணிங். மூணாவது அடிக்க மாட்டான். தெருவுல பிள்ளைக தூங்கும்பான். நான் தூக்குல இட்லிய எடுத்துக்கிட்டு வந்துருவேன். பதினோரு வருசத்துல ஒருநாள்கூட அவனை மூணாவது பெல் அடிக்க விட்டதில்ல சார் நான்.

ரெண்டு பேருதும் கருப்புச் சைக்கிள்தான், உங்களுது மாதிரி கியரெல்லாம் கிடையாது. எங்க ஊர்க் கண்மாயில ஏறுனா ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா ஏழு கண்மாய். எல்லாம் மலையடிவாரத்துல வரிசையாக் கிடக்கும். மலையில பேஞ்ச மழை முதல் கண்மாய் நிறைஞ்சு, அடுத்ததுல விழுந்து, அப்படியே ஏழுக்கும் போகும். கரை மேலயே மண்ணு ரோடு. கடைசியில தேன்கரடுன்னு ஒரு சின்னக் குன்று. அந்தக் கரட்டுல ஒரு சுனை இருக்கு. அங்க இட்லியத் தின்னுட்டு, சுனைத் தண்ணியக் குடிச்சிட்டுத் திரும்புவோம். போகப் பதினேழு கிலோமீட்டர், வரப் பதினேழு. பொங்கல் முடிஞ்சா மூணு நாள் சுத்து. தேன்கரட்டைத் தாண்டி மலைக்குப் பின்னாடி இருக்கிற ஊருகளையெல்லாம் சுத்திட்டு வருவோம். ஒருநாள் எங்க கோயில் மடத்துல படுப்போம், ஒருநாள் அவங்க சர்ச்சுல படுப்போம்.

கரை மேல பேசக்கூடாதுன்னு அவன் ஒரு சட்டம் வச்சிருந்தான். தண்ணியில மிதக்கிற நாமக்கோழி பயந்து ஓடிரும்பான். நான் பேசாம இருக்கிற ஆளா சார்? எனக்கு அது பெரிய தண்டனை. ஆனாலும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் ஓட்டுனேன். ஒரு வண்டி கிடையாது, ஒரு ஹாரன் கிடையாது. நம்ம செயின் சத்தம்தான் நமக்குக் கேக்கும். சக்கரை எங்க போச்சுன்னே தெரியல.

ஏன் வண்டி வராதுன்னு கேக்குறீங்களா? அங்கதான் சார் இருக்கு கதை. மூணாவது கண்மாய்க்குப் பேரு கருங்கண்மாய். கண்மாய் நிறைஞ்சா மிச்சத் தண்ணி வழிஞ்சு போறதுக்கு மறுகால் இருக்கும்ல, அந்தக் கருங்கண்மாய் மறுகால் எந்தக் காலத்துலயோ உடைஞ்சு போச்சு. இடுப்பளவு பள்ளம், உருட்டுக்கல்லு, பாசி. ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும் தண்ணி வேற ஓடும். மாட்டு வண்டிகூட இறங்காது. சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு இறங்கி, கல்லு கல்லா மிதிச்சு, அந்தப் பக்கம் ஏறணும். இருபது நிமிசம் ஆகும். அந்த உடைஞ்ச மறுகால்தான் சார் எங்களுக்குக் காவக்காரன். அது இருந்த வரைக்கும் பதினேழு கிலோமீட்டரும் எங்களுது.

மூணு வருசத்துக்கு முந்தி, கார்த்திகை மாசம், அங்கதான் நான் விழுந்தேன். பாசியில கால் வச்சேன். சைக்கிள் மேல, நான் கீழ. முட்டி போச்சு. தகடு வச்சிருக்கு, இதோ இந்தக் கால். கம்பவுண்டர் அன்னைக்கு என்னைய முதுகுல தூக்கிக்கிட்டே ரெண்டு கண்மாயைத் தாண்டி ஊருக்குள்ள கொண்டாந்துட்டான். இல்லைங்கல சார், செஞ்சதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில மூணு வாரம் கூட இருந்தான். மாட்டுக்குக் கட்டுப் போட்ட கையி, அவன் கட்டுப் போட்டா நர்சம்மாவே அசந்து பார்க்கும்.

தை முடிஞ்சு மறுபடி கிளம்பினோம். ஓட்ட முடிஞ்சது. தூக்கத்தான் முடியல. மறுகால்கிட்ட வந்ததும் அவன் சைக்கிளைத் தூக்கிக்கிட்டுப் போய் அக்கரையில வைப்பான். திரும்பி வந்து என் சைக்கிளைத் தூக்கிக்கிட்டுப் போவான். அப்புறம் திரும்பி வந்து என் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போவான். போகையில மூணு நடை, வரையில மூணு நடை. அக்கரையில போய் நின்னு ஒரு அஞ்சு நிமிசம் மலையைப் பார்த்துக்கிட்டே இருப்பான். "வாய்யா கம்பவுண்டர், வெயில் ஏறுது"ம்பேன். "இரு வயர்மேன், மலை நல்லாருக்கு"ம்பான். இத்தனை வருசமாப் பார்த்த மலைய அப்படி என்னத்த பார்ப்பான்னு எனக்கு எரிச்சலா இருக்கும்.

ஒருநாள் வலி தாங்காம அந்தக் கல்லுலயே உட்கார்ந்துட்டேன். "இது என்னய்யா மனுசன் போற பாதையா, ஒரு பாலத்தைக் கட்டித் தொலைச்சா என்ன, இது இப்படியே கிடந்துச்சுன்னா நான் வர்றது இதான் கடைசி"ன்னேன். வலியில மனுசன் ஆயிரம் பேசுவான் சார். அதையெல்லாம் கணக்குல எடுத்துக்கலாமா? அதுக்கப்புறம் மறுகால் வரைக்கும் போவோம், அங்கயே இட்லியத் தின்னுட்டுத் திரும்பிருவோம். தேன்கரட்டுக்குப் போகல. அது ஒரு வருசம் அப்படி ஓடுச்சு.

இப்ப துரோகத்துக்கு வர்றேன்.

போன வருசம் ஆடி மாசம். ஒரு செவ்வாய்க்கிழமை, நான் தனியா வந்தேன். மறுகால்ல ஜேசிபி நிக்குது. செவப்புக் கொடி, ஜல்லிக் குவியல், கம்பி. அந்த உருட்டுக்கல்லையெல்லாம் அள்ளி ஓரமாப் போட்டிருக்கான். அங்க ஒரு மேஸ்திரி நின்னாப்ல. "யாருய்யா இங்க பாலம் கேட்டது?"ன்னேன். "உங்க ஊர்க் கம்பவுண்டர்தாங்க. திங்கக்கிழமை திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல வந்து நின்னு மனு குடுத்தாருல்ல"ங்கிறாப்ல.

திங்கக்கிழமை சார், திங்கக்கிழமை! முந்துன வருசம் திங்கக்கிழமையானா டவுனுக்குப் போவான். கேட்டா பல்லு வலி, பல் டாக்டர்ம்பான். நானும் நம்புனேன். வாயில இருக்கிறதே நாலு பல்லு, அதுக்கு எத்தனை திங்கக்கிழமைடான்னு எனக்கு அப்பக்கூட உறைக்கல. பதினோரு வருசமாப் பக்கத்துல ஓட்டுனவன் என்கிட்டப் பொய் சொல்லிட்டுப் போய் எங்க காவக்காரனைக் கொன்னுட்டு வந்திருக்கான்.

நேரா அவன் வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னு கத்துனேன். தெருவே கூடிருச்சு. "மனு குடுத்தது நீதானாய்யா?"ன்னேன். "ஆமா வயர்மேன், நாந்தான் குடுத்தேன்"னான். "எதுக்குய்யா? யாருக்குய்யா பாலம்?"னேன். "சொல்லுய்யா"ங்கிறேன். என் மூஞ்சிய ஏறெடுத்துப் பார்க்கல சார். குனிஞ்சு என் காலையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். குத்தமுள்ளவன் எப்படி சார் நேருக்கு நேர் பார்ப்பான்?

நான் விடல. அவன் மருமகன் டிப்பர் ஓட்டுறாப்ல. எனக்கு விசயம் புரிஞ்சு போச்சு. மருமகன் லாரி போறதுக்கு மாமனார் ரோடு போட்டுக் குடுத்துட்டான். டீக்கடையில சொன்னேன், ரேசன் கடையில சொன்னேன், அவங்க ஆளுகள்ட்டயே சொன்னேன். ஊரு நம்புச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலப் பூசையில அவன்தான் பைபிள் வாசிப்பான், நல்ல கணீர்க் குரல். இப்ப வாசிக்கிறது இல்லையாம். டீக்கடைப் பக்கமே வர்றது இல்ல. எப்படி வருவான்?

இதைக் கேளுங்க. புரட்டாசியில பாலம் திறந்தாங்க. மறுநாள் ஞாயித்துக்கிழமை. காலையில அஞ்சரைக்கு என் வீட்டு வாசல்ல கிணிங், கிணிங். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க சார்! எந்தப் பாலத்துக்காக நான் கொதிச்சுக் கிடக்குறேனோ, அந்தப் பாலத்து மேல ஓட்டக் கூப்பிடுறான். எம் பொண்டாட்டி தவிட்டம்மா எந்திரிச்சுத் தாழ்ப்பாளை நீக்கப் போனா. "தொறந்தேன்னா நடக்கிறதே வேற"ன்னேன். "பாவம், நிக்கிறாருங்க"ன்னா. நிக்கட்டும்னேன். கால் மணி நேரம் நின்னான். நான் ஜன்னல் இடுக்கு வழியா பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். மூணாவது பெல் அடிக்கல. அப்புறம் சைக்கிளை உருட்டிக்கிட்டே போயிட்டான், ஏறி ஓட்டல.

அதோட சரி. வருசம் ஒண்ணாகப் போகுது, பேச்சுவார்த்தை கிடையாது. நானும் சைக்கிளைத் தொடல. சக்கரை திரும்ப ஏறிருச்சு. எல்லாம் அவனாலதான்.

பிடிச்சுக்கங்க சார், பாலம் வருது. இதான். ஏறி இறங்கும்போது ஒரு குலுக்கு குலுக்கும். பார்த்தீங்களா? போச்சு. இருபது நிமிசம் நாங்க தூக்கிச் சுமந்த இடம், எண்ணி நாலு செகண்டு. அந்த ஓரத்துல கிடக்குது பாருங்க உருட்டுக்கல்லு, அந்தப் பெரிய கல்லுலதான் நான் உட்கார்ந்து பேசினேன்.

நான் இன்னைக்கு எதுக்கு டவுனுக்குப் போனேன் தெரியுமா? இந்தப் பையில இருக்கு. தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போட்டேன், அவன் குடுத்த மனுவோட நகல் வேணும்னு. ஏழு மாசம் இழுத்தடிச்சு இன்னைக்குத்தான் குடுத்தாங்க. வர்ற சுதந்திர தினத்துக்குக் கிராம சபை இருக்கு. அங்க எந்திரிச்சு நின்னு சத்தமா வாசிக்கப் போறேன். டிப்பருக்கு ரோடு கேட்டதை அவன் கையெழுத்துலயே ஊர் கேக்கட்டும். இப்பவே வாசிச்சிருப்பேன், கண்ணாடிய அந்த ஆபீஸ் மேஜையிலயே விட்டுட்டு வந்துட்டேன். கடைசியில வாலு நீண்டிருக்குல்ல, அது அவன் கையெழுத்துதான், அது மட்டும் தெரியுது. நீங்கதான் படிச்சவரா இருக்கீங்களே. எங்க எதைச் சத்தமா வாசிக்கணும்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார். மூணு தாள் இருக்கும்.

என்ன சார், சும்மா பார்த்துக்கிட்டே இருக்கீங்க? அவன் எழுத்து புரியாது, மருந்துச் சீட்டு எழுதி எழுதி அப்படி ஆயிருச்சு. மெதுவாப் படிங்க.

என்னது, மூணடியா? முப்பதடின்னு இருக்கும், நல்லாப் பாருங்க. எழுத்தாலயும் எழுதியிருக்கா? "மூன்றடி அகலத்தில்." சரி, முழுசாப் படிங்க. "ஒரு ஆள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் அளவுக்கு மூன்றடி அகலத்தில் ஒரு நடைபாலம். வேறு வண்டிகள் நுழையாதபடி இரண்டு முனையிலும் கல் ஊன்றித் தர வேண்டும்."

கல் ஊன்றணுமா? இவனா எழுதியிருக்கான்? அந்தக் கையெழுத்தைக் காட்டுங்க. ஆமா, அவன் வாலுதான்.

மேல போங்க சார். எதுக்குன்னு எழுதியிருப்பான்ல. "என் நண்பர், ஓய்வு பெற்ற வயர்மேன்." என் பேரு போட்டிருக்கா? போட்டிருக்கானா. "முழங்காலில் தகடு வைத்திருப்பதால் அவரால் பள்ளத்தில் இறங்கி ஏற முடியாது. இதுவரை அவருடைய சைக்கிளையும் நானே தூக்கிக் கடந்தேன். இப்போது எனக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. இதை அவரிடம் சொன்னால் வருவதையே நிறுத்திவிடுவார் என்பதால்."

கொஞ்சம் இருங்க சார்.

மலை நல்லாருக்குன்னு சொன்னான் சார். அஞ்சு நிமிசம் நிப்பான். மலை நல்லாருக்குன்னு சொன்னான்.

மூணாவது தாள் என்ன? அதுவும் மனுதானா? தேதி பாருங்க. போன வருசம் ஜூலை பதினஞ்சா. நான் ஜேசிபியப் பார்த்ததுக்கு ரெண்டு வாரம் முந்தி. "நான் கேட்டது இந்தப் பாலம் அல்ல. லாரி போகும் பாலம் எங்களுக்கு வேண்டாம். வேலையைத் தொடங்கும் முன் நிறுத்தும்படி தாழ்மையுடன்." தாழ்மையுடன். சரி, போதும், மடிச்சுக் குடுங்க. பத்திரமா மடிங்க, கிழிஞ்சிராம.

அவன் கேட்டது ஒண்ணு, ஆபீஸ்ல இருந்து வந்தது ஒண்ணு. இதைச் சொல்ல வேண்டியதுதானே சார்? வாசல்ல நின்னு கழுத்து நரம்பு புடைக்கக் கத்துறேன், தெருவே பார்க்குது, இந்தத் தாளை எடுத்து என் மூஞ்சியில எறிய வேண்டியதுதானே? "உன் காலுக்காகத்தான்யா கேட்டேன்"னு ஒரு வார்த்தை. எறியல. குனிஞ்சு என் காலையே பார்த்துக்கிட்டு நின்னான். என் காலைப் பார்த்துக்கிட்டு நின்னான் சார். இதுவும் துரோகம்தான். ஊருக்குள்ள என்னைய இப்படிப் பேச விட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தானே, ஒரு வருசம். பூசையில வாசிக்கிறதை விட்டுட்டானே. அந்தக் குரலை நான்தானே சார் நிப்பாட்டிட்டேன். இனிமே நான் எந்த மூஞ்சியோட டீக்கடையில போய் உட்காருவேன்?

மாலப்பட்டி வந்துருச்சு. கண்டக்டர் தம்பி, சைக்கிள் இறக்கணும், ஹோல்டான். நாங்க சர்ச் ஸ்டாப்புல இறங்கிக்கிறோம். ஆமா, நானும் இங்கதான். எப்பவும் அடுத்த ஸ்டாப்புதான், இன்னைக்கு இங்க.

சார், உங்க சைக்கிள்ல பெல் இருக்கா? இருக்கா, நல்லதாப் போச்சு. ஒரு உதவி பண்ணுங்க. உங்க நாளு எப்படியும் வீணாப் போச்சு, இன்னொரு கால் மணி நேரம். அந்த நீலக் கதவு தெரியுதுல்ல, அதுக்கு முன்னாடி சைக்கிளை உருட்டிக்கிட்டுப் போவோம். நான் ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிறேன், நீங்க பெல்லை அடிங்க. ரெண்டு தடவைதான், மூணாவது அடிக்கக் கூடாது. கதவைத் தொறக்கலன்னா தொறக்கலன்னு போயிராதீங்க சார். எழுந்து வர நேரமாகும், மூச்சு வாங்கும் அவனுக்கு.